தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தெருக்காரர்கள் எவ்வளவு தூரம் உதவ முடியும்?

கேள்வி இதுதான்: "எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். என் அம்மாவும் அதில் ஒருவர். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ. அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சம்பளம் இல்லாமல் உதவலாம் என்று நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? முதியோர் இல்லம் போகாமல் கடைசிவரை சொந்த வீட்டிலேயே இருக்க இது போதுமா?"

முதல் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு இப்போதே சொல்லிவிடலாம்: போதாது. ஆனால் இல்லத்துக்குப் போவதைப் பல வருடங்கள் தள்ளிப்போட முடியும், அது சின்ன விஷயம் இல்லை.

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் இதே மாதிரிதான் தொடங்கினோம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவமோ சமூக சேவையோ படித்தவள் அல்ல. வீடு வீடாகப் போய், "எந்த நேரமானாலும், எந்த உதவியானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, ஆறு பேருடைய போன் நம்பரைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தோம். இரண்டு மாதம் ஒரு போன்கூட வரவில்லை. பரவாயில்லை, எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

ஒரு நாள் சாயங்காலம் கோடிவீட்டுப் பாட்டிக்குச் சுண்டல் கொடுக்கப் போனேன். கூடம் இருட்டாக இருந்தது. டியூப்லைட் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. சமையலறை விளக்கைப் போட்டு, அது கதவு வழியாக விழுகிற வெளிச்சத்தில் நடமாடிக்கொண்டிருந்தார். நாங்கள் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் பத்திரமாக ஒட்டியிருந்தது. "ஏன் பாட்டி, கூப்பிட்டிருக்கலாமே?" என்றேன். "இதுக்குப் போய் உங்களையெல்லாம் தொந்தரவு பண்ணுவாளா?" என்றார்.

இந்தத் தொந்தரவு என்ற சொல்தான் உங்கள் குழுவுக்கு எதிரி. உதவ ஆள் கிடைப்பார்கள், நம்புங்கள். கேட்க ஆள் கிடைக்க மாட்டார்கள். நாற்பது வருடம் பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டவர், அலுவலகத்தில் முப்பது பேரை வேலை வாங்கியவர், இன்று ஒரு பல்பு மாற்ற அடுத்த வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும் என்றால் வாய் வராது. "எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பது கேட்பதற்கு நன்றாக இருக்கும். உண்மையில் அதை வைத்து யாரும் எதையும் கேட்க முடியாது. எப்போது கேட்பது, எதுவரை கேட்பது, இது கேட்கிற அளவுக்குப் பெரிய விஷயமா என்று முடிவு செய்கிற பாரம் முழுக்க அவர்கள் தலையில் விழுகிறது.

அதனால் நாங்கள் தலைகீழாக மாற்றினோம். செவ்வாய், சனி காலை பத்து மணிக்கு ஒருவர் சுற்று வருவார். "உதவி வேண்டுமா?" என்று கேட்கக் கூடாது என்பது விதி. அப்படிக் கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்பா" என்றுதான் வரும். பதிலாக, "சிலிண்டர் எப்போ மாத்தினீங்க? பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு? பாத்ரூம் லைட் எரியுதா? நான் கடைக்குத்தான் போறேன், என்ன வாங்கணும்?" இப்படிக் கேட்டால் பதில் வந்துவிடும். கடைக்குப் போவது நமக்காக. அவருக்குக் கொத்தமல்லி வாங்குவது கூட ஒன்று. இதில் தொந்தரவு எங்கே இருக்கிறது?

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் பீக்கன் ஹில் பகுதியின் கதை தெரிந்தபிறகு அந்த எண்ணம் போயிற்று. 1990-களின் கடைசியில் அங்கே ஒரு டஜன் பேர், தாங்களே வயதாகிக்கொண்டிருந்தவர்கள், கூடிப் பேசினார்கள். முதியோர் குடியிருப்புக்குப் போக மனமில்லை, பிள்ளைகளுக்குப் பாரமாகவும் இஷ்டமில்லை. 2002-இல் 'பீக்கன் ஹில் வில்லேஜ்' தொடங்கியது. வில்லேஜ் என்று பெயர் இருந்தாலும் கட்டடம் எதுவும் கிடையாது. எல்லாரும் அவரவர் வீட்டில்தான். வருடச் சந்தா கட்டி உறுப்பினர் ஆகவேண்டும், வசதி குறைந்தவர்களுக்குச் சலுகைச் சந்தா. ஒரே ஒரு போன் நம்பர். டாக்டரிடம் போக வண்டி வேண்டும், குழாய் ஒழுகுகிறது, கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது, எதுவானாலும் அந்த நம்பர்தான். தன்னார்வலர் செய்ய முடிந்தால் தன்னார்வலர். இல்லையென்றால் அலுவலகம் விசாரித்து வைத்திருக்கும் பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ. இந்த வழியில் இன்று அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படிப்பட்ட அமைப்புகள் இயங்குகின்றன. பெரும்பாலான இடங்களில் அதிகம் கேட்கப்படும் உதவி எது தெரியுமா? கார் சவாரி. கண் மங்கி, கார் ஓட்டுவதை நிறுத்தியவர்களுக்கு அந்த ஊரில் அதுதான் கை ஒடிந்த மாதிரி.

அதில் எனக்குப் பிடித்தது சந்தா. சம்பளமில்லாமல் செய்கிற வேலைக்கு எதற்குச் சந்தா என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சண்டை போட்டார். ஆனால் சந்தா கட்டியவர் கேட்கும்போது தயங்குவதில்லை. "நான் மெம்பர்" என்று சொல்லிக் கேட்கலாம். நாங்கள் மாதம் ஐம்பது ரூபாய் வைத்தோம். பெட்ரோலுக்கும் ஜெராக்ஸுக்கும் சரியாகப் போய்விடும். கோடிவீட்டுப் பாட்டி முதல் ஐம்பது ரூபாயைக் கொடுத்த மறுநாளே போன் செய்து, மிக்ஸி ஜாரில் பிளேடு சுற்றவில்லை, யாரையாவது அனுப்பு என்று அதிகாரமாகச் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. (சந்தா கட்ட முடியாதவரிடம் வாங்காதீர்கள், அவர் பேருக்கு நேராகவும் 'பெற்றது' என்று எழுதிவிடுங்கள். நோட்டை யாரும் தணிக்கை செய்யப்போவதில்லை.)

அடுத்தது, ஆள் நலமாக இருக்கிறாரா என்று தினமும் தெரிந்துகொள்வது. ஜப்பானில் சில பகுதிகளில் தனியாக இருக்கும் பெரியவர்கள் காலையில் வாசலில் ஒரு மஞ்சள் கொடியை வைத்துவிட்டு, சாயங்காலம் உள்ளே எடுத்துக்கொள்வார்கள். காலையில் கொடி வரவில்லை என்றாலும், இருட்டியபிறகும் வெளியே இருந்தாலும், அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டுவார்கள். இதைக் கேட்டதும் எங்கள் குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார்: "நமக்குத்தான் கோலம் இருக்கே!" உண்மைதான். கோலம் போடுகிற வீட்டில் ஏழு மணிக்குள் வாசல் தெளிக்கவில்லை என்றாலோ, பால் பாக்கெட் பையிலேயே தொங்கினாலோ, பேப்பர் கேட்டிலேயே கிடந்தாலோ, அதுவே செய்தி. பால் போடுகிற பையனையும் பேப்பர் பையனையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்ப்பது என்றால் கூட்டத்துக்கு வரச்சொல்வதல்ல. "நேற்றுப் பால் பையிலேயே இருந்தால் ஒரு மிஸ்டு கால் கொடு" என்று சொன்னால் போதும்.

அதே ஜப்பானில் 1917-இல் ஒக்காயாமா மாகாணத்தில் வேர்விட்ட 'மின்சேய் இயின்' என்ற முறை இன்றும் நடக்கிறது. சம்பளம் கிடையாது, கைச்செலவுக்கு மட்டும் கொஞ்சம் பணம், மூன்று வருடப் பதவிக்காலம். நாடு முழுவதும் சுமார் 2.3 லட்சம் பேர் தங்கள் பகுதியில் இருக்கும் முதியவர்களையும் ஏழைகளையும் கவனிக்கிறார்கள். இன்று அவர்களுக்குள்ள பெரிய கஷ்டம், அந்தத் தன்னார்வலர்களுக்கே வயதாகிவிட்டது, புதியவர்கள் கிடைப்பதில்லை. உங்கள் குழுவில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேராவது இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான்.

இனி விழுவது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 65 வயது தாண்டியவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் ஒருமுறையாவது கீழே விழுகிறார்கள். தனியாக இருப்பவருக்கு விழுவதைவிட, விழுந்தபின் எழ முடியாமல் கிடப்பதுதான் ஆபத்து. எங்கள் தெருவில் ஒரு மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். குரல் பக்கத்து மாடிக்குக் கேட்டது. ஓடினோம். வாசல் கதவுக்குச் சாவி இருந்தது, திறந்துவிட்டோம். குளியலறை உள்ளே தாழ்ப்பாள். இரும்புத் தாழ்ப்பாள், அந்தக் காலத்துத் தேக்குக் கதவு. கடப்பாரையைத் தேடி, கதவைப் பெயர்த்து உள்ளே போக முக்கால் மணி நேரம். அதுவரை அவர் ஈரத் தரையில், கதவுக்கு அந்தப் பக்கம், "அவசரம் இல்லை, மெதுவா" என்று எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே தெருவில் எல்லா வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றினோம். வெட்கப்பட்டவர்களுக்கு வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கிற பூட்டு போட்டுக்கொடுத்தோம். நீங்கள் முதல் வாரத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கைப்பிடிக் கம்பி, சொரசொரப்பான டைல்ஸ், இரவு விளக்கு எல்லாம் பிறகு. கால்மிதி என்று மடித்துப் போட்டிருக்கும் பழைய துணியை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், வழுக்குவதற்கு அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது.

சாவி விஷயத்தில் கவனம். மாற்றுச் சாவியை ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் வீட்டுக்காரர் குறுக்கே கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு வீடு தள்ளி இருப்பவரிடம் அந்தக் கவர் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை கவரை வீட்டுக்காரரிடம் காட்டவேண்டும். பிரிக்கவில்லை என்று அவர் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. உள்பக்கம் சங்கிலி போட்டுக்கொண்டு தூங்கும் பழக்கம் இருந்தால் சாவியால் பயனில்லை, அதையும் பேசிவிடுங்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை. அதில் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய இ.சி.ஜி., ஆதார் நகல், இன்சூரன்ஸ் அட்டை, மாத்திரைச் சீட்டு, இரண்டு நம்பர்கள். 108 வரும்போது இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் போதும். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது என்றால் சுக்குக் கஷாயம் வைக்கப் போகாதீர்கள், மகனுக்குப் போன் போட்டு அவர் எடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டியது. ஸ்கேன் எடுக்கிற நேரமும் அதில்தான் அடக்கம்.

பணம். இதில் நான் கறார். வங்கியில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: ஏ.டி.எம். கார்டை வாங்காதீர்கள், பின் நம்பரைக் கேட்காதீர்கள், ஓ.டி.பி.யை உங்கள் காதால் கேட்கக்கூடக் கூடாது. நல்லவர்களுக்குத்தான் இந்த விதி முக்கியம். ஐந்நூறு ரூபாய் கணக்கில் இடித்தால் முதலில் சந்தேகம் விழுவது உதவப் போனவர் மேல்தான். 70 வயது தாண்டியவர்களுக்கு வங்கிச் சேவையை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். கடையில் சாமான் வாங்கினால் பில், மீதிச் சில்லறை, இரண்டும் ஒரே கையில். உயில், சொத்து, பாகப்பிரிவினைப் பேச்சு எடுத்தால் காது கேட்காத மாதிரி இருங்கள். சாட்சிக் கையெழுத்தும் போடாதீர்கள்.

நவம்பர் மாதம் வந்தால் எங்களுக்குத் திருவிழா. மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கிற மாதம் அது. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியருக்குக் கணக்கு வேறு. பி.எஃப். ஓய்வூதியர்கள் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். இதைத் தெரியாமல் நவம்பரில் வெயிலில் வரிசையில் நின்ற தனியார் கம்பெனிக்காரர்கள் எத்தனையோ பேர். வயதானால் கைரேகை தேய்ந்துவிடும், இயந்திரம் எடுக்காது. இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றை எடுக்கிறோம். தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் எடுக்கலாம். எங்கள் தெருக் கல்லூரிப் பெண் ஒருத்தி ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு டஜன் பேருக்கு முடித்துவிட்டாள். "கண்ணை மூடித் திறங்க தாத்தா" என்று அவள் சொல்ல, அவர் போட்டோவுக்கு என்று தலைசீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அரசாங்கம் வீட்டு வாசலுக்கே கொண்டுவருவதை நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இலிருந்து நடக்கிறது. ரேஷன் பொருளை வயதானவர்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. முதியோர் உதவி எண் 14567. பெயரைச் சேர்த்துவிடுவதும், வரவில்லை என்றால் விசாரிப்பதும் மட்டும் உங்கள் வேலை. உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். 2007-ஆம் வருடப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்துக்காக மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில், தனியாக வாழும் முதியவர்களின் பட்டியலை நிலையத்தில் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது முடிந்தவரை ஒரு தன்னார்வலரோடு போய்ப் பார்க்க வேண்டும் என்றே இருக்கிறது. "அந்தத் தன்னார்வலர் நாங்கள்தான்" என்று போய் நின்றால் மரியாதையாகப் பேசுவார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் மனக்குறையோடுதான் எழுதவேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் நல்ல பிள்ளைகள். ஆனால் ஒருவர் நடு ராத்திரியில் எனக்குப் போன் செய்து, "அம்மா போன் எடுக்கலை, அரை மணி நேரமா ட்ரை பண்றேன், நீங்க என்னதான் பாத்துக்கறீங்க?" என்று கத்தினார். போய்ப் பார்த்தால் அம்மா போனை சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மாதம் ஐயாயிரம் அனுப்புகிறேன், தினமும் இருவேளை போய்ப் பார்த்து வாட்ஸ்அப்பில் போட்டோ போடுங்கள் என்றார். இரண்டையும் மறுத்தோம். பணம் வாங்கிக்கொண்டால் நாம் வேலையாள், அவர் முதலாளி. அந்த அம்மா வெறும் வேலை. போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றால் முதலில் அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும். மகனுக்கு என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவர்தான் முடிவு செய்வார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. இதை முதல் நாளே இரண்டு தரப்பிடமும் சொல்லிவிடுங்கள்.

சரி, எங்கே போதாமல் போகும்? குளிப்பாட்டுவது, படுக்கையிலேயே இருப்பவருக்குப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, மறதிநோய் முற்றி இரவில் தெருவில் இறங்கி நடப்பவரைக் காப்பது, இவற்றைச் செவ்வாய்ச் சுற்றை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. சம்பளத்துக்கு ஆள் வேண்டும், குடும்பம் உட்கார்ந்து பேசவேண்டும். கேஸ் அடுப்பை இரண்டாவது முறை மூடாமல் விட்டால், அல்லது மாத்திரையைப் போட்டோமா என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டால், அந்த வாரமே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். பெரியவர் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

நோயாளிகளையும் கவனிக்க வேண்டும் என்று உங்கள் குழுவுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால், கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண சிகிச்சை முயற்சி, சில வருடங்களில் மலப்புறம் முழுக்க ஊர்மக்கள் கையில் போய்ச் சேர்ந்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய எவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பயிற்சி இல்லாமல் யாரையும் நோயாளி வீட்டுக்கு அனுப்பவில்லை. பின்னால் நர்ஸும் டாக்டரும் இருந்தார்கள். 2008-இல் அரசே இதற்குக் கொள்கை வகுத்தது. நல்ல மனசு மட்டும் இருந்தால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை, அதனால்தான் நிலைத்தது.

ஆள் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு தெருவைத் தாண்டாதீர்கள். உதவுகிற ஒருவருக்கு வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்காதீர்கள். எங்கள் குழுவில் மிகவும் துடிப்பாக இருந்த ஒருவர், எல்லாவற்றுக்கும் தானே ஓடினார். ஒன்றரை வருடத்தில் பெரியவர்களின் நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்காத நிலைக்கு வந்துவிட்டார். "இன்றைக்கு முடியாது, நாளைக்கு வரேன்" என்று முகம் சுளிக்காமல் சொல்லத் தெரிந்தவர்தான் பத்து வருடம் வருவார்.

உங்கள் அம்மாவும் அதே தெருவில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உதவி பெறுபவர் பட்டியலில் அவர் பெயரை எழுதுவதற்கு முன்னால், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். எங்கள் தெருவில் தினமும் காலை ஏழரைக்குப் பதினொரு வீடுகளுக்குப் போன் செய்து "எழுந்தாச்சா?" என்று கேட்பவருக்கு வயது 81, முழங்கால் வலி, வாசல்படி இறங்க மாட்டார். யாராவது எடுக்கவில்லை என்றால் எனக்கு உடனே தகவல் வந்துவிடும். குளியலறையில் விழுந்த அதே மாமாதான். தெருவில் யார் வீட்டில் என்ன டிபன் என்பதுவரை இப்போது அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் நான் ஏழே முக்காலுக்குப் போன் எடுக்காமல் இருந்ததற்கு எட்டு மணிக்குள் என் வீட்டுக் கதவைத் தட்ட ஆளையே அனுப்பிவிட்டார்.